மூன்று நிமிஷ ஆகாயம்

உபாத்தியாயர் உத்தியோகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. விடை தெரியாத கேள்வியை மாணவன் கேட்டுவிட்டால், "அதெல்லாம் மேல் வகுப்பில் வரும், உட்கார்!" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இருபது வருஷ காலமாக நாமும் இந்த அஸ்திரத்தைப் பிரயோகித்து வந்திருக்கிறோம். அது பெரும்பாலும் குறி தவறுவதில்லை. ஒரே ஒரு தடவைதான் திரும்பி வந்து நம்மையே தாக்கிற்று.

2024-ஆம் வருஷ ஆரம்பத்தில் ஒரு நாள் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். "அமெரிக்காவில் ஒரு கம்பெனி, பணம் வாங்கிக்கொண்டு மனிதர்களை ஆகாயத்தின் எல்லை வரையில் அழைத்துப் போய்த் திரும்பவும் கொண்டுவந்து விடுகிறது. அங்கே அவர்கள் மூன்று நிமிஷ நேரம் பஞ்சைப்போல் மிதக்கிறார்கள்" என்றோம். "ஏன் ஸார் மிதக்கிறார்கள்?" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "அவ்வளவு உயரத்தில் பூமியின் ஈர்ப்பு இல்லை, அம்மா" என்று சற்றும் தயங்காமல் சொன்னோம். அவள் உட்கார்ந்தாள், யோசித்தாள், மறுபடி எழுந்து நின்றாள். "ஈர்ப்பே இல்லையென்றால், மேலே போன வண்டி எப்படி ஸார் கீழே வருகிறது?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாம் வழக்கமான அஸ்திரத்தைக் கையில் எடுத்தோம். அதற்குள் மணி அடித்து நம் மானத்தைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் மணி அடித்ததனால் பொய் மெய்யாகிவிடுமா? நாம் சொன்னது தவறு என்பது, பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போட்டுக்கொள்ளும் நமக்குத் தெரியாததல்ல. சோம்பலில் சொன்ன பதில் அது. அதைத் திருத்தாமலே வருஷப் பரீட்சையும் முடிந்து கோடை விடுமுறையும் வந்துவிட்டது.

விடுமுறையில் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் லாஸ் குரூஸஸ் என்னும் ஊருக்குப் போனோம். அங்கே நம் தங்கை மகன் சர்வகலாசாலையில் படிக்கிறான். "இங்கே பார்க்க என்னடா இருக்கிறது?" என்று கேட்டதற்கு அவன், "வெயில் இருக்கிறது, மிளகாய் இருக்கிறது. நம் ஊரை விட்டு வந்ததாகவே தோன்றாது, மாமா. ஆனால் ஆகாயக் கப்பல் துறைமுகம் ஒன்றும் இருக்கிறது" என்றான். அந்தப் பெண்ணின் கேள்வி காதில் ஒலித்தது. "நாளைக்கே போவோம்" என்றோம்.

உண்மையா, விளைவா?

லாஸ் குரூஸஸிலிருந்து வடக்கே ரியோ கிராண்டே நதியை ஒட்டிப் போனால், சுமார் 120 கிலோமீட்டரில் ஒரு சிற்றூர் வருகிறது. வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர். அதனால் பழைய பெயரும் 'வெந்நீர் ஊற்று' என்றே இருந்தது. 1950-இல் ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்காரர், "எங்கள் நிகழ்ச்சியின் பெயரை எந்த ஊர் தனக்குச் சூட்டிக்கொள்கிறதோ, அந்த ஊரிலிருந்தே ஒலிபரப்புவோம்" என்று அறிவித்தார். இந்த ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டுப் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். 'ட்ரூத் ஆர் கான்ஸிக்வென்ஸஸ்' என்பது இப்போதைய பெயர். 'உண்மையைச் சொல், இல்லாவிட்டால் விளைவை அனுபவி' என்று அர்த்தம் செய்துகொள்ளலாம். ஊரின் எல்லையில் இந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் நமக்குச் சுருக்கென்றது. உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, எட்டாம் வகுப்பில் பொய் சொன்ன உபாத்தியாயர் இந்த ஊருக்கா வந்து சேர வேண்டும்?

துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் வண்டியில் இங்கேதான் ஏறினோம். வண்டி கிழக்கே திரும்பி மலைச்சரிவில் ஏறி இறங்கியதும் பாலைவனம் விரிந்தது.

இறந்தவனின் பிரயாணம்

அந்தச் சமவெளிக்கு ஸ்பானிஷ் பாஷையில் ஹோர்னாதா தெல் முயெர்த்தோ என்று பெயர். 'இறந்தவனின் பிரயாணம்' என்று பொருள். 1598-இல் ஸ்பானியர்கள் மெக்ஸிகோவிலிருந்து வடக்கே குடியேறிய ராஜபாட்டை இதன் வழியாகத்தான் சென்றது. நதி மேற்கே வளைந்து கரடுமுரடான மலைகளுக்கிடையே போய்விடுவதால், வண்டிகள் சுமார் 145 கிலோமீட்டர் தூரம் தண்ணீரே இல்லாத இந்த வெளியைக் கடந்தாக வேண்டியிருந்தது. கடக்க முடியாதவர்கள் பலர். 1670-இல் காவலிலிருந்து தப்பி ஓடிய ஜெர்மானிய வியாபாரி ஒருவன் இங்கே மாண்டான். அவனை வைத்தே பெயர் வந்தது என்கிறார்கள்.

இரு பக்கமும் முட்புதர். ஈட்டி போல் இலை நீட்டிய யக்கா. தூரத்தில் நீல மலைத்தொடர். திடீரென்று, நீண்டு நேரான இரண்டு கொம்புகளுடன் ஒரு மிருகம் சாலையோரத்தில் நின்று எங்களை உற்றுப் பார்த்தது. "இது அமெரிக்க மிருகம் அல்லவே!" என்றோம். உண்மைதான். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலையைச் சேர்ந்த ஓரிக்ஸ் மான் அது. 1969 முதல் 1977 வரையில் கொண்டுவந்து விட்டவை பல்கிப் பெருகிவிட்டனவாம்.

இந்த வெளியின் வடகோடியில்தான் 1945-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி விடியற்காலையில் முதல் அணுகுண்டு வெடித்தது. கிழக்கே மலைக்கு அப்பால் வெள்ளை மணல் ராணுவ மைதானம். யுத்தத்தில் ஜெர்மனி தோற்றதும், லண்டன் மீது ஏவிய வி-2 ராக்கெட்டுகளின் பாகங்களை அமெரிக்கர்கள் கப்பல் கப்பலாக இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 1946 ஏப்ரல் முதல் 1952 வரை அறுபதுக்கு மேற்பட்ட வி-2 ராக்கெட்டுகளை இங்கிருந்து ஏவினார்கள். ராணுவத்தாருக்கு ராக்கெட்டைப் பழகிக்கொள்ள வேண்டும். விஞ்ஞானிகளுக்கோ மேல் ஆகாயத்தை அளக்க வேண்டும். ஆகவே, வெடிமருந்து இருந்த மூக்குப் பகுதியில் கருவிகளை வைத்து அனுப்பினார்கள்.

1946 அக்டோபர் 24-ஆம் தேதி அப்படிப் போன ஒரு ராக்கெட்டில் சினிமாக் காமிரா ஒன்று இருந்தது. ராக்கெட் சுமார் 105 கிலோமீட்டர் உயரம் சென்று, தரையில் மோதித் தூள் தூளாயிற்று. எஃகுப் பெட்டியில் இருந்த படச்சுருள் மட்டும் பிழைத்தது. கழுவிப் பார்த்தால், வளைந்த அடிவானமும் கறுத்த ஆகாயமும்! அந்தரிக்ஷத்திலிருந்து மனிதன் பூமியை எடுத்த முதல் புகைப்படம் அதுவே. மறு வருஷம் பிப்ரவரி 20-ஆம் தேதி பழ ஈக்கள் சில அவ்வுயரத்துக்குச் சென்று உயிருடன் திரும்பின. நகரங்களை அழிக்கப் பிறந்த யந்திரம் ஈயைப் பத்திரமாக ஏற்றி இறக்கும் வாகனம் ஆயிற்று. ராக்ஷசனைப் பிடித்து ஏர் பூட்டிய கதைதான்.

துறைமுகம்

வண்டி நின்றது. பாலைவனத்தின் நிறத்திலேயே, மண்ணிலிருந்து ஒரு பெரிய ஆமை முதுகைத் தூக்கினாற்போல் ஒரு கட்டடம். அதற்கு முன்னால் 12,000 அடி நீளத்தில் ஓர் ஓடுபாதை. இதுதான் ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா. பரப்பு 18,000 ஏக்கர்.

இந்த அனாதை வெளியில் ஏன் கட்டினார்கள்? தரையே கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,600 அடி உயரம். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மேகமற்ற வானம். ஏதாவது விழுந்தாலும் யார் தலையிலும் விழாது. எல்லாவற்றையும் விட, பக்கத்து ராணுவ மைதானத்தின் காரணமாக வேறு விமானங்கள் தலைக்கு மேலே வருவதில்லை. வண்டிக்கு மேல் ஆகாயம் முழுவதும் காலி.

2004-ஆம் வருஷம் ஜூன் 21-ஆம் தேதி கலிபோர்னியாவில் 'ஸ்பேஸ்ஷிப் ஒன்' என்னும் சிறு ஊர்தி, சர்க்கார் பணம் இல்லாமல் ஒரு மனிதனை 100 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோயிற்று. அதன் வழியில் வந்த வர்ஜின் கலாக்டிக் கம்பெனியின் 'யூனிட்டி' ஊர்திக்கு இந்தத் துறைமுகம்தான் வீடாக இருந்தது. தாய் விமானம் ஒன்று யூனிட்டியைச் சுமார் 45,000 அடி உயரத்துக்கு எடுத்துச் சென்று கைவிடும். அப்போது ராக்கெட் எரியும். ஒரு நிமிஷத்தில் ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகம். பிறகு எரிவது நின்றுவிடும். எறிந்த கல்லைப்போல் அது தானே உயர்ந்து, 85 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போய், திரும்பி விழுந்து, கடைசியில் கழுகைப்போல் மிதந்து ஓடுபாதையில் இறங்கும்.

நாம் போன அன்று எதுவும் பறக்கவில்லை. ஓடுபாதையை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். திருவிழா இல்லாத நாளில் தேர்நிலைக்குப் போனதற்குச் சமானம். ஆனாலும் தேரின் உயரம் தெரியத்தான் செய்தது.

ஏன் மிதக்கிறார்கள்?

அந்தச் சூனிய வெளியில் நின்றுதான், எட்டாம் வகுப்புக்குச் சொல்லவேண்டிய பதிலைச் சரிப்படுத்திக்கொண்டோம்.

நூறு கிலோமீட்டர் உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு இருக்கிறது. நூற்றுக்கு மூன்று பங்குதான் குறைகிறது. பின் மிதப்பானேன்? விழுவதனால்தான்! வில் தராசில் ஒரு படி அரிசியைத் தொங்கவிட்டால் முள் நகருகிறது. அரிசியோடு தராசையும் சேர்த்து மாடியிலிருந்து கைநழுவ விட்டால், விழும் நேரம் வரையில் முள் பூஜ்யத்தில் நிற்கும். அரிசியும் விழுகிறது, தராசும் விழுகிறது. ஒன்றை ஒன்று அழுத்துவதற்கில்லை. ஊர்தியும் அப்படியே. ராக்கெட் நின்ற கணம் முதல், மேலே போய்க்கொண்டிருக்கும்போதுகூட, ஊர்தியும் உள்ளே இருப்பவர்களும் ஈர்ப்பு ஒன்றுக்கே உட்பட்டுச் சேர்ந்தே போகிறார்கள். ஈர்ப்பு இல்லாததனால் மிதப்பதல்ல. ஈர்ப்புக்கு முழுவதும் தங்களை ஒப்புக்கொடுத்ததனால் மிதக்கிறார்கள்.

பூமியைச் சுற்றி வரும் கப்பலுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். இந்த ஊர்திக்கு ஒரு கிலோமீட்டர் போதும். ஆகவேதான் இது சுற்றாமல் விழுகிறது. ஆகவேதான் செலவும் குறைகிறது.

இந்த மூன்று நிமிஷத்தால் விஞ்ஞானத்துக்கு என்ன லாபம்? ஜெர்மனியில் பிரெமென் நகரத்தில் ஒரு கோபுரம் இருக்கிறது. அதன் உச்சியிலிருந்து கருவியை விழவிட்டால், ஐந்து விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் எடையின்மை கிடைக்கும். பாய்ந்து குதிக்கும் விமானத்தில் இருபது விநாடி. அந்தரிக்ஷ நிலையத்தில் மாதக்கணக்காகக் கிடைக்கும். ஆனால் இடம் கிடைப்பதற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். விநாடிக்கும் மாதத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை இந்த மூன்று நிமிஷம் அடைக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், அனுப்பிய கருவி அன்று மத்தியானமே கைக்குத் திரும்பி வந்துவிடுகிறது. பழுது இருந்தால் திருத்தி மறுபடியும் அனுப்பலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. பலூன்கள் சுமார் 40 கிலோமீட்டருக்கு மேலே போவது துர்லபம். அதற்கு வெகு உயரத்துக்கு மேலேதான் சந்திரனைப்போல் சுற்றும் யந்திரங்கள் நிலைத்து நிற்கும். இடைப்பட்ட ஆகாயத்தை விஞ்ஞானிகள் வேடிக்கையாக 'அறியாமை மண்டலம்' என்று அழைக்கிறார்கள். எரிநட்சத்திரங்கள் எரிந்து போவதும் அங்கேதான். வடதேசங்களில் இரவில் ஒளிரும் மேகங்கள் உண்டாவதும் அங்கேதான். அந்த மண்டலத்தினூடே போய்த் திரும்பக்கூடியவை இவ்வகை ஊர்திகளே.

2021 ஜூலை 11-ஆம் தேதி இந்தத் துறைமுகத்திலிருந்து யூனிட்டியில் சென்றவர்களுள் ஒருவர், ஆந்திர நாட்டில் பிறந்த சிரிஷா பாந்த்லா. அவர் கையில் புளோரிடா சர்வகலாசாலையார் தந்த குழாய்கள். குழாய்களுக்குள் சிறு செடிகள். எடை இருக்கும்போதும், எடை போன கணத்திலும், எடை திரும்பும் தறுவாயிலும் ஒவ்வொரு குழாயாக அழுத்தினார். உள்ளே மருந்து பாய்ந்து செடியை அந்தந்த நிலையிலேயே நிறுத்திவிட்டது. எடை மாறும்போது செடியின் ஜீவ அணுக்கள் எவ்விதம் திகைக்கின்றன என்பதைப் பிறகு நிதானமாகப் படித்தார்கள். அந்த ஆராய்ச்சியின் தலைவர்களுள் ஒருவரான ராபர்ட் ஃபெர்ல், 2024 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ப்ளூ ஆரிஜின் கம்பெனியின் ஊர்தியில் டெக்ஸஸிலிருந்து தாமே போய் அதே மாதிரிப் பரிசோதனையைச் செய்தார். அதே கம்பெனி 2025 பிப்ரவரி 4-ஆம் தேதி, ஆள் இல்லாத கூண்டை நிமிஷத்துக்கு 11 சுற்று வீதம் சுழலச் செய்து, சந்திரனில் உள்ளதற்குச் சமமான எடையை இரண்டு நிமிஷத்துக்கு மேல் உண்டாக்கிக் காட்டிற்று.

காப்பிக்கு வரி

மாலையில் அந்தச் சிற்றூருக்குத் திரும்பிக் காப்பி சாப்பிட்டோம். பில்லில் வரி சேர்த்திருந்தது. அதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

இந்தத் துறைமுகத்தைக் கட்ட இருபது கோடி டாலருக்கு மேல் ஆயிற்று. அதில் ஒரு பகுதிக்காக 2007-இலும் 2008-இலும் டோனியா ஆனா, ஸியெர்ரா என்னும் இரண்டு ஜில்லாக்களின் ஜனங்கள், விற்கும் பண்டத்தில் நூறு டாலருக்குக் கால் டாலர் தங்கள் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது ஜில்லாவான ஓட்டெரோ மறுத்துவிட்டது. செல்வம் கொழிக்கும் பிரதேசம் அல்ல இது. இங்கிருந்து ஆகாயம் போய் வர ஒரு ஆசனத்தின் விலையோ, 2021-இல் நாலரை லக்ஷம் டாலர்! கோடீசுவரன் மூன்று நிமிஷம் மிதப்பதற்கு ஏழை தன் காப்பிக்கு வரி கொடுப்பதா என்று கேட்பவர்கள் அங்கே உண்டு. அந்தக் கேள்வியை அசட்டுக் கேள்வி என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் அந்த வரியில் கால் பங்கு உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களின் கணித, விஞ்ஞானக் கல்விக்குப் போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம்முடைய பில்லிலிருந்து அரை சென்ட் அந்த ஊர்க் குழந்தைகளுக்குப் போயிருக்கும். தர்மம் சிறிதானாலும் மனத்துக்கு நிறைவாகவே இருந்தது.

இந்தத் துறைமுகத்தில் குழந்தைகளுக்கு வேறு பங்கும் உண்டு. ஓடுபாதை போடுவதற்கு வெகு முன்பே, 2006 செப்டம்பர் 25-ஆம் தேதி, யூ.பி. ஏரோஸ்பேஸ் என்னும் சிறு கம்பெனி 6 மீட்டர் நீள ராக்கெட் ஒன்றை இங்கிருந்து ஏவிற்று. பள்ளி மாணவர்கள் செய்த பரிசோதனைகளும் அதில் இருந்தன. ராக்கெட் நிலை தடுமாறிப் பாலைவனத்தில் விழுந்தது. ஏழு மாதம் கழித்து, 2007 ஏப்ரல் 28-ஆம் தேதி, மறுபடி ஏவினார்கள்; இந்தத் தடவை அந்தரிக்ஷத்தை எட்டிற்று. அதில் ஒரு நடிகர், ஓர் ஆகாய வீரர் முதலியோரின் அஸ்தியும் போயிற்று. அஸ்தியைக் காசிக்கும் ராமேசுவரத்துக்கும் எடுத்துச் செல்லும் நமக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. 2017 முதல் 2024 வரையில், கொள்ளைநோய்க் காலம் நீங்கலாக, கலாசாலை மாணவர்களின் ராக்கெட் போட்டியும் இங்கேதான் நடந்தது.

வியாபாரிகளை நம்பி மட்டும் இந்தக் காரியத்தை விடுவதற்கில்லை என்பதும் மெய். நாம் ஊர் திரும்பிய சில தினங்களில், 2024 ஜூன் 8-ஆம் தேதி, யூனிட்டி கடைசித் தடவையாகப் பறந்தது. புதிய ஊர்தி கட்டுவதற்காகக் கம்பெனி அதை ஓய்வில் விட்டுவிட்டது. அதன் முன்னோடி ஊர்தி 2014 அக்டோபர் 31-ஆம் தேதி நடு ஆகாயத்தில் உடைந்து ஒரு வலவர் உயிர் இழந்தார் என்பதையும் மறப்பதற்கில்லை. கோடீசுவரர்களின் ஆசனத்தைக் கொண்டு கம்பெனி பிழைக்கலாம். இந்த மூன்று நிமிஷம் நிலைத்த பயன் தரவேண்டுமானால், ஆசனத்தில் ஓரிரண்டாவது கருவிக்கும் கல்விக்கும் என்று ஒதுக்கப்பட வேண்டும். அதற்குக் கொடுக்கும் வரியைத்தான் ஜனங்கள் மனமாரக் கொடுப்பார்கள்.

நம் நாட்டில்

லாஸ் குரூஸஸுக்கு வந்து சேர்ந்தபோது மே 29-ஆம் தேதி மாலை. நம் ஊரில் 30-ஆம் தேதி காலை. மருமான் டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "மாமா, மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் பிறந்த அக்னிகுல் கம்பெனி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டுவிட்டது!" என்று கூவினான். ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினைக் கொண்டு, பூமியைச் சுற்றாமல் போய் விழும் பரீட்சைப் பிரயாணம் அது. அதற்கு முன்பே, 2022 நவம்பர் 18-ஆம் தேதி, ஹைதராபாத்தின் ஸ்கைரூட் கம்பெனியார் 'விக்ரம்-எஸ்' ராக்கெட்டை 89.5 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏவியிருக்கிறார்கள். சென்னை ஸ்தாபனம் ஒன்றின் ஏற்பாட்டில் மாணவர்கள் செய்த சிறு கருவியும் அதில் போயிற்று.

இந்த வழி நமக்குப் புதிதல்ல. 1963 நவம்பர் 21-ஆம் தேதி, கேரளக் கடற்கரையில் தும்பா என்னும் மீனவர் கிராமத்திலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது. அதுவும் மேலே போய் விழுந்த ராக்கெட்தான். மாதா கோயிலும் மேற்றிராணியார் வீடும் ஆராய்ச்சிக்கென்று விட்டுக்கொடுக்கப்பட்டன. ராமேசுவரத்து அப்துல் கலாம் அங்கே வேலை பழகினார். அந்தி ஆகாயத்தில் ராக்கெட் உதறிய ஸோடியம் ஆவி ஆரஞ்சு நிறத்தில் படர்ந்தது. விழுந்து விழுந்து பழகித்தான் நாம் சந்திரன் வரைக்கும் போயிருக்கிறோம்.

சொம்பும் தண்ணீரும்

ஜூன் 10-ஆம் தேதி பள்ளிக்கூடம் திறந்தது. அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருந்தாள். அந்த வகுப்பு உபாத்தியாயரிடம் பத்து நிமிஷம் கடன் கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். "போன வருஷம் இந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். நாம் சொன்ன பதில் தவறு, கேள்விதான் சரி" என்றோம். வகுப்பு இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பிறகு எல்லாரையும் மைதானத்தில் நிற்கவைத்துவிட்டு மாடிக்குப் போனோம். அடியில் துளையிட்ட பழைய தகரச் சொம்பு ஒன்றில் தண்ணீரை நிரப்பிப் பிடித்தோம். துளை வழியாகத் தண்ணீர் சரசரவென்று கொட்டிற்று. "இப்போது கவனியுங்கள்!" என்று சொம்பைக் கைவிட்டோம். விழுந்த அந்த ஒரு விநாடி நேரமும் துளையிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. சொம்பும் தண்ணீரும் சேர்ந்தே விழுந்தன.

சொம்பு நசுங்கிப் போயிற்று. கீழேயிருந்து அதே பெண் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து நம்மைப் பார்த்து, "ஸார், சொம்பை மேலே தூக்கி எறிந்தால், மேலே போகும்போதும் சிந்தாதா?" என்று கேட்டாள்.

"எறிந்தே பார், அம்மா" என்றோம்.